இன்னொரு ஓடுபாதை

விமானம் தலைக்கு மேல் அத்தனை தாழ்வாக வந்தபோது கூட்டம் கை தட்டியது. மின்மினியும் தட்டினார். பிற்பாடு அவரை வாளாக அறுத்தது அந்தக் கைதட்டல்தான்.

மின்மினி என்பது ஊர் வைத்த பெயர். கல்யாணம், கண்காட்சி, கடைத் திறப்பு எதுவானாலும் சீரியல் லைட் போடுகிறவர். அன்று சாயங்காலம் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் திறப்பு விழா. பெரிய சாலையிலிருந்து கடை வாசல் வரை நூல் பிடித்த மாதிரி நேரான பாதை. வாசலைத் தாண்டினால் வண்டி நிறுத்த நீண்ட முற்றம். இடத்தைப் பார்த்த நிமிஷமே அவருக்குக் கை பரபரத்தது. பாதையின் இருபுறமும் வாசலை நோக்கி ஓடும் வெள்ளை விளக்குகள். வாசலில் குறுக்கே ஒரு பச்சை வரிசை. முற்றத்தின் இரு ஓரங்களிலும் அசையாத வெள்ளை.

ஓடும் விளக்கு என்கிறோமே தவிர, எந்த விளக்கும் ஓடுவதில்லை. ஒரு சின்னப் பெட்டி, ஒரு பல்பை அணைத்த கையோடு அடுத்ததை ஏற்றும்; அதை அணைத்து அதற்கடுத்ததை. நடுவிலுள்ள இடைவெளியை நம் கண்ணே நிரப்பிக்கொண்டு, ‘அதோ ஓடுகிறது’ என்று நம்மிடம் சொல்லிவிடும். கண்ணை ஏமாற்றுவதுதான் மின்மினியின் பிழைப்பு. யாருடைய கண் ஏமாறும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

இந்த அமைப்பு அவர் மண்டையில் உதித்ததல்ல. தங்கையின் வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை, பக்கத்து விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன். ஒரு தடவை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கை நீட்டி நீட்டி விளக்கினார். மப்பான நேரத்தில் விமானிக்குத் தார்ப்பாதையும் தெரியாது, கட்டடமும் தெரியாது. விளக்கு மட்டும்தான் தெரியும். பளிச் பளிச்சென்று ஓடும் வெள்ளை, இந்தப் பக்கம் வா என்கிறது. குறுக்கே நிற்கும் பச்சை, பாதை இங்கே தொடங்குகிறது என்கிறது. இரு ஓரத்து வெள்ளை, இதற்குள்ளேயே இரு என்கிறது.

“ஒரு எழுத்துக்கூடக் கிடையாது மச்சான். ஆனா மேல இருக்கறவன் எல்லாத்தையும் படிச்சிடுவான்” என்றார் மாப்பிள்ளை.

மின்மினி சொக்கிப்போனார்.

விமான நிலையத்தைச் சுற்றிலும் விளக்குப் போடுவதற்கு விதிகள் உண்டு. வானத்தை நோக்கி அடிக்கும் போகஸ் லைட், லேசர், வாணம், பறக்கவிடும் பலூன் எதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும். இவை மின்மினிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேல்நோக்கி ஒரு விளக்குக்கூட அவர் வைக்கவில்லை. எல்லாம் சின்னச் சின்னப் பல்புகள். அதே விதிகளில் இன்னொரு வரியும் இருந்தது: ஓடுபாதை விளக்குகளைப் போலத் தோன்றும் எதையும் அமைக்கக் கூடாது. அதையும் படித்திருந்தார். கடைவாசல் பல்பைப் பார்த்து எவன் ஓடுபாதை என்று நினைப்பான் என்று சிரித்துக்கொண்டார். ஆபத்து என்றால் கண்கூசும் வெளிச்சம் என்பதே அவர் கணக்கு. வெளிச்சம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதன் வடிவம் பொய் சொல்ல முடியும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

விழா விளக்குக்கு விமான நிலையத்தில் அனுமதி கேட்டிருந்ததால், முதல் நாள் மாப்பிள்ளை போன் செய்திருந்தார்.

“என்ன மச்சான் போடறீங்க? நான் வந்து பாத்துட்டுச் சொன்னாத்தான் எங்க ஆபீசர் அனுமதி குடுப்பாரு.”

“மதில்ல நாலு சரம், அவ்வளவுதான் மாப்பிள்ளை. அதுக்குப் போய் நீங்க மெனக்கெடணுமா? விழாவுக்கு வாங்க, அப்ப பாருங்க.”

“சரி, உங்களை நம்பித்தான்.”

மாப்பிள்ளை ‘பார்த்தாச்சு’ என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டார். மின்மினிக்கு வேறு கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவர் பாதையின் தொடக்கத்தில் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்க்க வேண்டும், அதுவும் முன்னறிவிப்பில்லாமல். அந்த அற்ப ஆசைக்காகத்தான் பொய்.

விழா அன்று தூறலும் மப்புமாக இருந்தது. கடைப் பாதை, அசல் ஓடுபாதை போகும் அதே திசையில், சற்றே தள்ளிப் போனது. இறங்கி வந்த விமானத்துக்கு முதலில் தெரிந்தது மின்மினியின் வெள்ளையும் பச்சையும்தான். சக்கரத்தை நீட்டிக்கொண்டு வந்தது, திடீரென்று காது அடைக்கிற மாதிரி உறுமி, மூக்கைத் தூக்கி மேலேறிப் போனது.

“யோவ் மின்மினி, பிளேன்காரனுக்கும் பத்திரிகை வச்சியா?” என்றார் கடை முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டல் ஓயவில்லை.

அப்போது போன் அடித்தது.

“மச்சான், அணைங்க. எல்லாத்தையும் அணைங்க. இப்பவே.”

மாப்பிள்ளையின் குரல் அப்படி நடுங்கி அவர் கேட்டதே இல்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினார். இருட்டில் கூட்டம் கூச்சல் போட்டது. தட்டிய உள்ளங்கைகள் இன்னும் சூடாக இருந்தன. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவற்றைச் சட்டையில் துடைத்தார்.

மறுநாள் காலை விமான நிலைய அலுவலகத்துக்கு மின்மினி, மாப்பிள்ளை, முதலாளி மூவரையும் வரச் சொன்னார்கள். அறைக்குள் போகுமுன் முதலாளி மின்மினியின் காதைக் கடித்தார்.

“உன் மாப்பிள்ளைதானே பாத்து சரின்னாரு? அதையே பிடிச்சுக்கோ. அவங்க ஆளே பாத்தாச்சுன்னா நம்ம மேல என்னய்யா தப்பு?”

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“விமானி கடைசி நேரத்துல உங்க முற்றத்து நடுவுல ஒரு கார் நிக்கறதைப் பாத்திருக்காரு. அதனாலதான் மேல ஏத்தினாரு” என்றவர், மாப்பிள்ளையைக் காட்டி மின்மினியிடம் கேட்டார். “இவர் வந்து பாத்தாரா?”

மாப்பிள்ளை மேசையைப் பார்த்தபடி நின்றார். மின்மினி ‘ஆமாம்’ என்றால் ஓடுபாதை விளக்கை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவரே தெரிந்தே விட்டுவிட்டதாக ஆகும். அவர் வேலை போகும், மின்மினி தப்பிப்பார். அந்தச் சொல் மின்மினியின் நாக்கு நுனி வரை வந்தது. அது வந்ததே அவருக்குக் கூசியது.

“இல்ல சார். வர்றேன்னுதான் சொன்னாரு. மதில்ல நாலு சரம்னு நான்தான் பொய் சொன்னேன். அவர் எனக்குச் சொல்லிக்குடுத்ததை வச்சே, அவருக்குத் தெரியாம போட்டேன்.”

“பாக்காமலே பாத்தேன்னு சொன்னது நான் சார்” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. “அது அவர் தப்பில்ல.”

விசாரணை முடியும் வரை மாப்பிள்ளை ஓடுபாதைப் பக்கம் போகக் கூடாது. மின்மினி இந்த வட்டாரத்தில் ஒரு பல்புகூட மாட்டக் கூடாது. முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமலே வண்டியேறிப் போனார்.

வராந்தாவில் மாப்பிள்ளையின் போன் அடித்தது. தங்கை. அவர் எடுக்கவில்லை, அடித்துக்கொண்டிருக்கும் போனை அப்படியே நீட்டினார்.

“நீங்களே சொல்லுங்க மச்சான்.”

மின்மினி சொன்னார். சாக்குப்போக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

“அவரு சாப்பிட்டாரா?” என்று கேட்டாள் தங்கை.

“இல்லம்மா. இன்னும் இல்ல.”

“அவரை வீட்டுக்கு வரச் சொல்லு.”

போன் வைக்கப்பட்டது. அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்காமல் அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.