அடிமண்டி

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் பன்னிரண்டாம் நம்பர் ரூமின் கட்டிலடியிலிருந்து அந்த நீல வாளியை இழுத்து வெளியே வைத்தபோது முரளிதரன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். வாளிக்குள் பேரீச்சம்பழமும் சர்க்கரையும் ஊறி நுரைத்துக்கொண்டிருந்தன. பழக்கடையை இரண்டு நாள் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. ஆனால் முரளிதரன் கம்பெனியின் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குப் பிரிவுக்கு மேனேஜர். மேனேஜருக்கு அது நாற்றமாகத்தான் இருந்தாக வேண்டும்.

வாளியை மூன்று கோணத்தில் போட்டோ எடுக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுக்கச் சொன்னார். பிறகு டூட்டி முடிந்து வந்து நின்ற நாற்பது பேர் முன்னிலையில் அதைச் சாக்கடையில் கொட்டச் செய்தார். யாருடையது என்று கேட்டார். அந்த ரூமில் ஆறு பேர்; ஆறு பேரும் குடித்தவர்கள். பாண்டித்துரை மட்டும் ஓர் அடி முன்னால் வந்து, தன்னுடையதுதான் என்றான். கமுதிப் பக்கத்துக்காரன், ஏசி குழாய்களுக்குத் தகரம் வளைக்கும் வேலை, வயது நாற்பதைத் தொட்டிருக்கும்.

முரளிதரன் பத்து நிமிஷம் பேசினார். இது விஷம், கண் போய்விடும், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா, நாம் இருப்பது அடுத்தவர் நாடு. பேசி முடித்ததும் விசா கேன்சல் படிவத்தை எடுத்தார். அந்தப் படிவத்தை வடிவமைத்தவரும் அவர்தான். ‘ஒழுக்க மீறல்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் ஊருக்கு அனுப்புவதோடு ஒரு வருஷம் இந்த நாட்டுக்குள் வேலைக்கு வர முடியாத தடையும் தானாகச் சேர்ந்துவிடும். கேம்பில் அதற்குப் பெயர் ‘பேன்’. முரளிதரன் டிக் செய்தார்.

இது நடந்தது 2007 மார்ச்சில், ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை முரளிதரன் கராமாவில் தன் ஃபிளாட் சமையலறையில் பீர் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தார்.

இதை அவரிடம் யாராவது சொல்லிக்காட்டியிருந்தால் உண்மையாகவே வருத்தப்பட்டிருப்பார். அவர் கணக்கில் அது வேறு, இது வேறு. ஜனவரியில் கம்பெனி அவரை இரண்டு வார டிரெய்னிங்குக்கு லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. கடைசி நாள் பாடம் நடத்தியவர் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தான் காய்ச்சிய பேல் ஏல் என்னும் பீரைக் கொடுத்தார். முதல் வாய் நிலவேம்புக் கஷாயம் மாதிரி கசந்தது. ஆனால் சுற்றி இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பம்ப்ளிமாஸ் என்றார்கள், பைன் காடு என்றார்கள். முரளிதரனும் கண்ணை மூடிக்கொண்டு பைன் காடு என்றார். அவர் சேலத்துக்காரர், ஏற்காட்டில் சவுக்கு மரம் பார்த்ததோடு சரி. அன்றிலிருந்து டின் பீர் குடிப்பவர்களோடு ஒரே மேஜையில் உட்கார அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

திரும்பும்போது பெட்டியில் நான்கு டின் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் இருந்தது. வெல்லப்பாகைப் போல் கறுத்துத் தடித்த பார்லிச் சாறு. ஹாப்ஸ் என்கிற பூவை உலர்த்தி அரைத்து உருட்டிய பச்சைத் துண்டுகள் ஆறு பாக்கெட் இருந்தன, பார்த்தால் ஆட்டுத்தீவனம். ஒரு ஈஸ்ட் பாக்கெட்டும், அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாயும் இருந்தன. மனைவி சம்யுக்தா, இதெல்லாம் என்ன என்று கேட்டதற்கு ‘ஹாபி’ என்றார். அவள் போனில் தன் அம்மாவிடம், ஹார்லிக்ஸ் மாதிரி ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லிவைத்தாள்.

ஹாபிக்கு ஒரு காரணமும் இருந்தது. புராஜெக்ட் டைரக்டர் ஹார்ட்லி இங்கிலாந்துக்காரர். அபுதாபியில் காலியாகப் போகிற பெரிய பதவிக்கு ஆள் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஐந்து வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரை முரளிதரன் அழைத்திருந்தார். நானே காய்ச்சிய ஏல் இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

காய்ச்சும் வேலை ஒழுங்காகவே நடந்தது. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு டின் சாற்றைக் கரைத்தார். கசப்புக்காகத் தொடக்கத்தில் ஒரு பாக்கெட் ஹாப்ஸ், மணத்துக்காகக் கடைசிப் பத்து நிமிஷத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தார், கையெழுத்தும் போட்டார். வீடெல்லாம் வேப்பம்பூவையும் ஈர வைக்கோலையும் சேர்த்து வேகவைத்த மணம். ஐஸ் நிரப்பிய குளியல் தொட்டியில் அண்டாவை இறக்கி ஆறவைத்தார். வாளி, மூடி, கரண்டி, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவினார். மிஞ்சியது ஈஸ்ட். வெதுவெதுப்பான நீரில் தூவவும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. வெதுவெதுப்பில் கிருமி சாகாது என்பது முரளிதரனின் துறை அறிவு. ஆகவே கொதிக்கிற தண்ணீரிலேயே தூவினார்.

மூன்று நாள் வாளியில் ஒரு சத்தமும் இல்லை. மூடியில் செருகிய வளைந்த குழாயில் குமிழி வர வேண்டும், வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொள்வார். கும்பாபிஷேகக் கலசம் மாதிரி இருக்கு என்றாள் சம்யுக்தா. நான்காம் நாள் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி ஈஸ்ட் வாங்கிவந்து, அதையும் முறைப்படி கொதிநீரில் சுத்தம் செய்து போட்டார். ஆறாம் நாளும் குமிழி வரவில்லை. அத்தனை சுத்தத்தில் அந்தச் சாறு கெட்டுக்கூடப் போகவில்லை.

கடைசியில் அவர் போய் நின்றது கௌஸ் முகைதீனிடம். கேம்பின் பொறுப்பாளர், கீழக்கரைக்காரர், ஐந்து வேளைத் தொழுகையாளி, வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் கேம்பில் எந்த வாளியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். விழிப்புணர்வு வகுப்புக்காக, இவர்கள் இதையெல்லாம் எப்படித்தான் நுரைக்கவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றார் முரளிதரன். கௌஸ் முகைதீனின் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

“அத பாண்டித்துரைக்கிட்டத்தான் சார் கேக்கணும். பாஸ்போர்ட் புஜைரா சைட் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு கிடக்கு. அது வர்ற வரைக்கும் ஆளு இங்கதான் இருப்பான்” என்றார்.

மறுநாள் மாலை பாண்டித்துரை, ஏசி ரிப்பேர் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஃபிளாட்டுக்கு வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். வாளியைத் திறந்து முகர்ந்தான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினான். பாகு நல்ல பாகு, கசப்பாக என்னமோ போட்டிருக்கீக, அதுவும் தப்பில்லை என்றான். ஈஸ்ட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டான். முரளிதரன் குறிப்பேட்டைத் திறந்து, வெப்பநிலை உட்பட வாசித்துக் காட்டினார்.

“அது உசுரு சார்” என்றான் பாண்டித்துரை. “கொதிதண்ணில போட்டா செத்துரும்ல.”

“சுத்தம் முக்கியம் இல்லையாப்பா?”

“சுத்தமாத்தான் சார் செத்துருக்கு.”

சமையலறையில் சம்யுக்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஓர் ஊறுகாய் ஜாடியை எடுத்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஏதோ இருந்தது. சோதனை போட்ட அன்று முரளிதரனே கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊறுகாய் என்று கீழே வைத்த ஜாடி. ஒவ்வொரு வாளி முடியும்போதும் அடியில் தங்குகிற மண்டியை எடுத்துவைத்து அடுத்த வாளியில் விடுவான். பேரீச்சம்பழத் தோலில் பிடித்தது, இரண்டு வருஷமாக அப்படியே வருகிறது, ஏசி இல்லாத ஆகஸ்டையும் பார்த்துவிட்டது என்றான். முரளிதரன் கண்ணை மூடிக்கொண்டு, ஊற்று என்றார்.

மறுநாள் காலை குழாய் கடகடவென்று குமிழி விட்டது. மத்தியானத்துக்குள் நுரை குழாய் வழியே ஏறி மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தது. முரளிதரன் ஆபீஸிலிருந்து மூன்று முறை போன் செய்து அதன் நலம் விசாரித்தார்.

பாண்டித்துரை அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தான். நுரை அடங்கியதும் மிச்சமிருந்த ஹாப்ஸில் ஒரு பாக்கெட்டைப் போட்டு ஐந்து நாள் விடலாம் என்றான்; லீட்ஸ்காரர் கொடுத்த தாளிலும் அதுவேதான் இருந்தது. பாட்டிலில் அடைக்கும் நாளில் பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை என்று நாக்கால் பார்த்துச் சொன்னான். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னான். கேன்சல் பண்ணுங்கள், அதில் வருத்தமில்லை. பேன் மட்டும் வேண்டாம். தேராவில் ஒரு ஏசி கடையில் விசா தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“மூத்தவ பிளஸ் டூ சார். ஒரு வருசம் தாங்காது.”

“பார்க்கிறேன்” என்றார் முரளிதரன். அந்த நிமிஷத்தில் அவர் உண்மையாகவே பார்க்கத்தான் நினைத்தார்.

ஹார்ட்லி வந்தார். முதல் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடினார். முரளிதரனும் துணைக்குக் கண்ணை மூடினார். அருமை என்றார் ஹார்ட்லி. பம்ப்ளிமாஸ் இருக்கிறது, பின்னால் ஏதோ ஒரு பழம் வருகிறது, அது என்னவென்றுதான் பிடிபடவில்லை. எந்த ஈஸ்ட் என்று கேட்டார். என் சொந்த ரகம், இரண்டு வருஷமாக வளர்த்துவருகிறேன் என்றார் முரளிதரன். வெப்பக் கட்டுப்பாடு பற்றியும் கொஞ்சம் பேசினார்.

மூன்றாவது பாட்டிலில் ஹார்ட்லி இளகிவிட்டார். காலேஜ் நாட்களில் ஹாஸ்டலில் குப்பைத்தொட்டியைக் கழுவி அதில் பீர் போட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். வார்டன் அன்றைக்கு மன்னித்துவிட்டாராம். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, போன மாதம் கேம்பில் வாளி வைத்திருந்த ஒருவனை அனுப்புவதாகத் தாளில் பார்த்தேனே, இதற்கா ஒரு ஆளை அனுப்புகிறோம், கொஞ்சம் அதிகமில்லையா முரளி என்று கேட்டார்.

வடைத் தட்டோடு வந்த சம்யுக்தா அப்படியே நின்றாள். “சொல்லிடுங்களேன்” என்றாள் தமிழில், மெதுவாக.

ஒரு வாக்கியம் போதும். ஆமாம் சார், அதிகம்தான், திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன் என்றால் வேலை முடிந்தது. முரளிதரனுக்கும் அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்கள். அவன் யார், உன் வீட்டுக்கு ஏன் மூன்று தடவை வந்தான் என்று கேட்பார்கள். சொந்த ரகம் யாருடைய சொந்தம் என்பதுவரை அது போகும். இவ்வளவும் ஒரு வடை வாய்க்குப் போகிற நேரத்தில் அவர் தலைக்குள் ஓடி முடிந்தது.

“இது வேறு சார். அவர்கள் போடுவது விஷம். சுகாதாரம் கிடையாது, கண் போய்விடும். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்” என்றார் ஆங்கிலத்தில்.

நீ சொல்வதும் சரிதான் என்று ஹார்ட்லி நான்காவது பாட்டிலைத் திறந்தார். சம்யுக்தா தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். விருந்தாளி கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்று மாலை முரளிதரன் வாளியையும் பாட்டில்களையும் பிளீச் ஊற்றிப் பளபளவென்று கழுவினார்.

பாண்டித்துரை செவ்வாய்க்கிழமை சென்னை விமானத்தில் போனான், பேனோடு. ஏர்போர்ட்டுக்கு வேனில் கொண்டுபோய் விட்டவர் கௌஸ் முகைதீன். வழியெல்லாம் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்: பார்க்கிறேன்னு சொன்னாரே, சார் பாத்தாரா?

“பாத்தாருன்னு சொன்னேன் சார்” என்றார் கௌஸ் முகைதீன் முரளிதரனிடம்.

அடுத்த வாரமே ஹார்ட்லி கூப்பிட்டார். வாடிக்கையாளர் இரண்டு பேரை அழைத்துவருகிறேன், அதே ஏல் வேண்டும் என்றார். டின் இருந்தது, ஹாப்ஸ் இருந்தது, மண்டி இல்லை. முரளிதரன் கேம்புக்கு ஓடினார். பன்னிரண்டாம் நம்பர் ரூமில் மீதி ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். அந்த ஜாடி எங்கே என்று கேட்டார். எந்த ஜாடி சார் என்றார்கள். இது சோதனை இல்லை, எனக்கே வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதெல்லாம் நாங்கள் தொடுவதே இல்லை சார், கண் போயிரும்ல என்றான் ஒருவன், பயபக்தியோடு. ஒவ்வொரு ரூமாகக் கெஞ்சிப் பார்த்தார். அறுபத்து நான்கு ரூமிலும் மஃபி, அதாவது இல்லை, என்பதே பதில். அப்படி ஓர் ஒழுக்கமான கேம்ப் வளைகுடாவிலேயே இருந்திருக்காது. ஒன்பதாம் நம்பர் ரூமில் திரைக்குப் பின்னால் ஏதோ மெதுவாகக் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. திரையை விலக்கினால் அவர் மேனேஜர், எழுதியாக வேண்டும். விலக்காமல் வந்தார்.

ரொட்டி ஈஸ்ட்டை இந்தத் தடவை வெதுவெதுப்பில் போட்டார். நுரைத்தது, ஆனால் குடித்தால் ஊறிப்போன பன் மணம். சம்யுக்தா அதைக் கேட்காமலே தொட்டியில் கொட்டினாள். கடைசியில், பெர்மிட் கேட்காமல் மது விற்கிற உம் அல் குவைனுக்கு வண்டியை ஓட்டிப்போய், டின் பீர் இரண்டு பெட்டி வாங்கிவந்து, தன் பாட்டில்களில் ஊற்றி மூடினார். அந்த வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஹார்ட்லி பாதி கிளாஸோடு நிறுத்திக்கொண்டு விஸ்கி இருக்கிறதா என்று கேட்டார்.

அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்தக் காலாண்டில் அல் கூஸ் கேம்பில் ஒரு மீறல்கூடப் பதிவாகவில்லை என்ற அறிக்கை ஹார்ட்லியின் மேஜைக்குப் போனது, அபுதாபி பதவி முரளிதரனுக்கே வந்தது. எட்டு கேம்ப் அவர் பொறுப்பில். வழியனுப்பு விழாவில் கேம்ப் ஆட்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. தன்மீது இவர்களுக்கு இவ்வளவு பிரியம் இருந்திருக்கிறதே என்று முரளிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.