கதவுக்கும் சேர்த்து

ஹாலுக்கா, படுக்கையறைக்கா என்று கடைப்பெண் அவளிடம் கேட்டாள். வால்பேப்பர் மாதிரிகளைச் சேர்த்துத் தைத்த தடித்த புத்தகத்தை அந்தப் பெண் மேஜையில் விரித்து, டிவி இருக்கிற சுவருக்கு மட்டும் ஒட்டினால் அறை பெரிதாகத் தெரியும், கட்டிலின் தலைமாட்டுக்குப் பூ போட்டது எடுப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து மேஜையில் ஒரு இளம் தம்பதி, நீலமா சாம்பலா என்று செல்லச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரியை வீட்டில் கணவருக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். எந்த நேரம் போன் வருமோ என்று கை பையை விட்டு நகரவில்லை.

"ஹால்ல, வாசக்கதவு இருக்கிற சுவர். கதவுக்கும் சேர்த்து," என்றாள்.

"கதவுக்குமா ஆன்ட்டி?"

"கதவு இருக்கிறதே தெரியக்கூடாதும்மா."

அவள் கணவர் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவராக இருந்தவர். விடியும் முன்பே ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு போய், தெருத்தெருவாக மூடியைத் தூக்கித் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது. மறதி நோய் வந்து ஒவ்வொன்றாக வழித்தெடுத்ததில் தங்கையின் முகம் போயிற்று, சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று, மனைவியின் பெயரும் போயிற்று. வேலை மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜனங்கள் பக்கெட்டோடு நிற்கிறார்கள் என்று கிளம்பிவிடுவார். போன மாதம் பெரிய ரோட்டின் நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒரு சாக்கடை மூடியை விரலால் நெம்பிக்கொண்டிருந்தார். லாரி பிரேக் போட்ட சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது லாரியின் முகப்புக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. "தள்ளி நில்லும்மா, பிரஷர்ல தண்ணி அடிக்கும்," என்று அவர் அவளைக் கண்டித்தார்.

அதற்குப் பிறகு கதவைப் பூட்டி வைத்தாள். அது இன்னும் மோசம். பூட்டியிருக்கிறது என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிகிற வரை கதவை அறைந்து, தண்ணி, தண்ணி என்று கத்தினார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், கிழவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் பெண்டாட்டி அடைத்துப் போட்டிருக்கிறாள் என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த காவலரிடம் நிரம்பிய சொம்பைக் காட்டி விளக்கும்போது, அவமானத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் கட்டுப்போட்ட நர்ஸ்தான் போகிறபோக்கில் சொன்னாள்: இப்படிப்பட்டவர்கள் இருக்கிற சில விடுதிகளில் கதவையே மறைத்துவிடுவார்களாம், கண்ணில் படாவிட்டால் மனசு அங்கே போகாதாம். மூழ்குகிறவள் கையில் கயிறு தட்டுப்பட்டது போல அவள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். வெறும் வெள்ளையில் கதவின் இடுக்கு கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டைக் கோடு போட்டது ஜெயில் கம்பி மாதிரி இருந்தது. காடு போட்ட ஒன்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் மரத்துக்குப் பின்னால் ஆள் நிற்கிறது என்று அவர் பயந்துவிட்டால்? வட்டங்கள் போட்டதைச் சட்டென்று புரட்டித் தள்ளினாள், அத்தனையும் மூடிகள். கடைசியில், இளம்பச்சையில் நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைகள் போட்டதை எடுத்தாள். இலைக்கூட்டத்தில் இடுக்கு ஒளிந்துகொள்ளும். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேலை நடக்கிற அன்று அவரை நாத்தனார் வீட்டில் விட வேண்டியிருந்தது. அவருடைய ஒரே தங்கை. விஷயத்தைக் கேட்டதும், "அண்ணி, உயிரோட இருக்கிற மனுஷனை உள்ள வச்சு சுவர் எழுப்புறீங்க," என்றாள்.

"அப்போ நீ வந்து ரெண்டு நாள் பார்த்துக்கோ."

அதற்குமேல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பேப்பர் ஒட்ட வந்தவர் வாயாடி. கதவை மறைத்துவிட்டால் கடன்காரனும் வரமாட்டான், சொந்தக்காரனும் கிளம்பமாட்டான் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொன்னாள். அதன்பிறகு அவர் வாயைத் திறக்காமல் வேலை செய்தார். கைப்பிடியைக் கழற்றினார். உள்வாங்கியிருந்த கதவின்மேல் மெல்லிய பலகை அடித்துச் சுவரோடு சமமாக்கினார். பசை தடவி, மேலிருந்து கீழாகத் துணியால் நீவி ஒட்டி, இடுக்கு வழியே பிளேடு போட்டார். சுவரில் பாதியும் கதவில் பாதியுமாக இருந்த இலை, மூடியபோது ஒரே இலையாகிவிட்டது. சாவித்துவாரத்துக்கு நேரே, தூக்கிச் சாவி போட வசதியாக, பேப்பரில் சின்ன மடிப்பு ஒன்று விட்டார். அழைப்பு மணி ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. அது அடித்தால் கணவர் வாசலுக்கு ஓடுவார். வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வந்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாள். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். முதுகுக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். இலைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கழற்றிய செருப்பைக் கையில் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தவர், கத்தவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து மூலையிலிருந்து மூலைக்கு நடந்தார். திரும்பி வந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் சமையலறையில் நின்று, சத்தம் வெளியே வராமல் வாயில் துணியை அழுத்திக்கொண்டு அழுதாள். நிம்மதியில்தான் அழுகிறேன் என்று நினைத்தாள்.

ஆனால் அவர் ஒடுங்க ஆரம்பித்தார். முதலில் சட்டை போடுவதை விட்டார். அப்புறம் எழுந்திருக்கவே மனசில்லை. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைப்பார், யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டார். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து வெகுகாலமாகியிருந்தது. அந்த அமைதி தாங்காமல், அவர் தூங்கும்போது கடைக்குப் போய் வருவாள். வெளியே நின்று பார்த்தால் கதவு பழைய கதவாகவே இருந்தது. சாவியைப் போடும் ஒவ்வொரு தடவையும், அப்படியே படியிறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காகவே அவசரமாக உள்ளே நுழைவாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் தானாகவே எழுந்து வந்து அவளருகில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பல மாதங்களாக அவர் அவளைத் தொட்டதில்லை.

"உன்னையும் உள்ள போட்டுட்டாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நாம எப்படிம்மா உள்ள வந்தோம்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். சொன்னால் நாளைக் காலையில் ரோடு, லாரி, சாக்கடை மூடி. சொல்லாவிட்டால் இந்த முகம். "தெரியலீங்க," என்றாள். அவர் தலையாட்டினார். பயப்படாதே, எப்படியும் வழி கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போதுதான் சுவர் தட்டப்பட்டது.

மூன்று தட்டு, மெதுவாக. போன் வரவில்லை. நாத்தனார் கோபம் தணிந்து வந்திருக்கலாம், மாடிவீட்டுக்காரர்களாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். அவள் அசையவில்லை. சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. திறந்தால் அவர் கண் முன்னாலேயே சுவர் பிளந்து கதவாகிவிடும். வந்தவர்கள் போய்விடட்டும், போய்விடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டினாள்.

அவர் எழுந்தார். இலைகள்மேல் காதை வைத்தார். முகம் மலர்ந்தது. அவளைத் திரும்பிப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பிறகு கையை மடக்கி, விரல் முட்டியால் சுவரைத் திருப்பித் தட்டினார், அதே போல மூன்று தட்டு, மெதுவாக.

வெளியே ஒரு கணம் சத்தமில்லை. பிறகு அங்கிருந்து பதில் வந்தது.