சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவன்

மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் காலையில் சற்று நேரம் மின்சாரம் போய் வந்தது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுற்றின. நோயாளிகளின் படங்களையெல்லாம் சேமித்து வைத்திருக்கும் கணினி மட்டும் முரண்டு பிடித்தது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் கேட்காத சாவியை, அணைந்து எழுந்ததும் கேட்டது.

"இதுக்குப் போய் ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்று சிரித்தபடி வந்தான் கணினிப் பொறியாளன். படங்கள் பதிவாகும் அதன் டிரைவ்களுக்குப் பூட்டுப் போட்டவனே அவன்தான். சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல, நீளமான ரகசியக் குறியீடு. அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெறும் குப்பை. அதன் நகலை வேறிடத்தில் வைக்க வேண்டும், ஒருமுறை கணினியை அணைத்துத் திறந்தும் பார்க்க வேண்டும் என்பது விதி. "அதெல்லாம் பண்ணியாச்சு சார்" என்று மேலாளரிடம் வாய் கூசாமல் சொல்லியிருந்தான். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

நகலைத் தேடப் போனவனின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப்பா, சாவி எங்க?" என்றார் மேலாளர்.

"உள்ள இருக்கு சார்."

"எதுக்குள்ள?"

"பூட்டின டிரைவுக்குள்ளயே..."

"அப்போ பழைய படம் ஒண்ணைக்கூட இனி திறக்க முடியாதா?" என்றார் மேலாளர்.

அன்று மருத்துவரைப் பார்க்க வந்தவர்களில் பொறியாளனின் அண்ணியும் இருந்தாள். அவள் தலைக்குள் சின்னக் கட்டி; முன்பு எடுத்த படம் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. "உங்க படத்தை வெளியாள் எவனும் பார்க்க முடியாது அண்ணி, நானே பூட்டியிருக்கேன்" என்று வீட்டில் மார்தட்டியிருந்தான்.

மருத்துவர் கையை விரித்தார். "பழைய படத்தோட ஒப்பிட்டாத்தானேம்மா கட்டி வளருதா இல்லையான்னு தெரியும்? இப்போ ஆபரேஷன் பண்ணவும் பயமா இருக்கு, சும்மா விடவும் பயமா இருக்கு. சில மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

வெளியே வந்த அண்ணி, மேலாளரோடு நின்றிருந்த பொறியாளனிடம் போனாள். "அதுவரைக்கும் இது வளர்ந்துட்டா, தம்பி?"

"பூட்டு திறக்கலை அண்ணி, அதான்..." என்றான் அவன்.

"வெளியாள் பார்க்க முடியாதுன்னுதானே சொன்னீங்க? டாக்டரும் வெளியாளா?"

அவன் மேலாளரிடம் திரும்பினான்.

"நான் சோதிச்சுப் பார்க்கவே இல்ல சார். பொய் சொன்னேன். பூட்டுறது பாதி வேலைதான், திறந்து பார்த்தாத்தான் அது முழுசாகும். செய்யாத வேலையை 'பண்ணியாச்சு'ன்னு சொன்னா, அதுக்கு அடுத்தவங்க உயிர்தான் பதில் சொல்லணும்."