பெரிய கங்காணியின் பெயர்

அம்மனைத் தவிர வேறு யார் முன்னாலும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் குனிந்ததில்லை. என் அப்பா இராமசாமி, எஹலியகொடைக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை முன்னாலும் தலைப்பாகையை அவிழ்க்காதவர். நான் பஸாரில் துணிக்கடை வைத்து, எவரிடமும் கைகட்டாமல் மகளைப் படிக்க வைத்தவன்.

மகள் ராகினி பேராதனையில் வரலாறு படித்து, அங்கேயே விரிவுரையாளரானாள். 1992இல் ஆராய்ச்சிக்காக ஸ்கொட்லாந்து போனாள். அவளுடைய துறை பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான உறவு. சொந்தக்காரர்களுக்கு அது விளங்கவில்லை.

"அண்ணே, புள்ள என்னதான் படிக்குது?" என்று கேட்பார்கள்.

"அத்திலாந்திக் கடலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க போட்ட சண்டைய."

"ஏங்க, நம்ம நாட்டுச் சண்டை பத்தாதா?"

பட்டம் வாங்கிய படத்தைக் கடையில், கல்லாவுக்கு நேர் மேலே மாட்டினேன். அதுதான் பதில்.

2004 சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ராகினி வந்தாள். பேராதனையில் பேராசிரியர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. புத்தகம் வெளிவந்துவிட்டால் பதவி உறுதி. அச்சுக்குப் போகுமுன் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் என்னிடம் கொடுத்து, "வாசிச்சுப் பாருங்கப்பா" என்றாள்.

வாசித்தேன். 1922இல் இறப்பர் விலை விழுந்தபோது, பிரித்தானிய அரசு இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் போகும் இறப்பரைக் கட்டுப்படுத்தியது. டயர் செய்யும் அமெரிக்கா கொதித்தது. லண்டனும் வாஷிங்டனும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டன. அதுவரை எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டம் வந்தது. இறப்பர்ப் பால் வெட்டு குறைந்ததால் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். யார் போவது, யார் நிற்பது என்று தெரிந்தெடுத்தவர் கங்காணி. தன் சொந்தங்களை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். கங்காணியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

"தாத்தா பேரப் போடட்டுங்களா அப்பா? இல்ல, 'ஒரு கங்காணி'னு விட்டுடவா?"

"அத்தியாயத்தையே எடு."

"லண்டனையும் வாஷிங்டனையும் எத்தனையோ பேர் எழுதிட்டாங்க. மரத்தடியில என்ன நடந்துச்சுனு சொல்றதுதான் என் புத்தகம். இத எடுத்தா புத்தகமும் இல்ல, பதவியும் இல்லங்க."

"யார் சொன்னது இதெல்லாம்?"

"குடும்பங்கள அனுப்பினது கம்பனிக் காகிதத்துல இருக்கு. யார் தெரிஞ்செடுத்தாங்கனு மூக்காயி பாட்டி சொன்னாங்க. இன்னும் மூணு வீட்டுல தனித்தனியா கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

மறுநாள் கோயிலில் மூக்காயியைப் பிடித்தேன். காலமெல்லாம் பால் வெட்டிய கை, அன்று பூத்தொடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க அப்பாவப் பத்தி என்ன சொன்ன?"

"நடந்ததத்தாங்க சொன்னேன். காலையில ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்துல எல்லாரையும் நிறுத்தி வச்சு, கம்ப நீட்டி 'நீ போ, நீ போ'னு சொன்னாராம். எங்க பெரியம்மா பக்கம் நீண்ட கம்பு, உங்க அத்தை வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லையாம். எங்க ஆத்தா சாகிற வரைக்கும் அக்கா அக்கானு அழுதுச்சு."

"நீ அப்ப பொறக்கவே இல்ல."

"நீங்களும்தாங்க பொறக்கல. ஆனா துரை முன்னாடி உங்க அப்பா நின்ன நிலைய, பக்கத்துல நின்னு பார்த்த மாதிரியே சொல்றீங்களே!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன். ராகினியிடம் சொன்னேன்: "'ஒரு கங்காணி'ன்னே போட்டுக்க. உன் பதவியும் கெட வேணாம், நம்ம பேரும் கெட வேணாம்."

நல்ல தீர்ப்பு என்றே நினைத்தேன். பூசைக்கு முன் கிருஷ்ணகுமார் வந்து வழிமறிக்கும் வரை அப்படித்தான். அவன் கோயில் செயலாளர். என் அப்பாவுக்குக் கீழே இருந்த சின்னக் கங்காணியின் பேரன். ராகினி அவனிடமும் தோட்டத்துக் கதை கேட்டிருக்கிறாள். அத்தியாயத்தில் 'ஒரு கங்காணி' என்று போடப்போவதையும் சொல்லியிருக்கிறாள்.

"மாமா, இது ஹரி இல்ல," என்றான். கோபம் வந்தால் அவனுக்குச் சிங்களம் கலந்துதான் வரும்; 'சரி' கூட 'ஹரி' ஆகிவிடும். "தோட்டத்துல இருந்தது ரெண்டு கங்காணி. 'ஒரு கங்காணி'னா படிக்கிறவன் எங்க தாத்தாவத்தானே நினைப்பான்?"

"ஏன், எங்க அப்பாவையும் நினைக்கலாமே."

"வருஷா வருஷம் பூசையில பேர் சொல்லிக் கூப்பிட்டு மொதக் காளாஞ்சித் தட்டு ஒங்களுக்கு. எங்களுக்கு எப்பவும் ரெண்டாவதுதான். சரி, நாங்க ஒண்ணும் சொல்லல. மரியாதையில நீங்க மொத ஆளு, பழியில மட்டும் பாதிப் பங்கு எங்களுக்கா?"

அதற்குள் மேளம் எழுந்தது. பூசை முடிந்து, வெற்றிலையும் பழமும் தேங்காயும் வைத்த முதல் தட்டைப் பூசாரி தூக்கினார்.

"பெரிய கங்காணி இராமசாமி குடும்பம்!"

என் ஆயுள் முழுதும் கேட்ட குரல் அது. அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பெயரை ஒரு வருடம்கூடக் கோடு போட்டு விட்டதில்லை. எந்தப் பூசாரியும் "ஒரு கங்காணி குடும்பம்" என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்டிருந்தால் தட்டை வாங்கியிருப்பேனா? திரும்பி நடந்திருப்பேன். பெயரோடு வாங்கிப் பழகியவன், கணக்குக் கேட்கும்போது மட்டும் அடுத்தவன் பாட்டனுக்குப் பின்னால் ஒளிவதா? என் அப்பா மகன் அப்படிச் செய்ய மாட்டான்.

தட்டை வாங்கினேன். வாங்கிய கையோடு, ஆட்கள் கேட்கும்படியாகவே ராகினியிடம் சொன்னேன்.

"எழுது. பெரிய கங்காணி இராமசாமி. கம்ப நீட்டினது அவர்தான். வேற எவர் தலையிலயும் அது விழக்கூடாது."

"நெசமாவாப்பா?"

"பேர முழுசாப் போடு. துரை முன்னாடி தலைப்பாகைய அவுக்காதவருனும் சேத்துப் போடு."

"அதுக்கு ஆதாரம் வேணுங்கப்பா."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க பொறக்கலையேப்பா," என்று சிரித்தாள். மூக்காயியிடம் படித்துக்கொண்டாள் போலும். என்னைப் போலவே வளையாத கழுத்து. தலைப்பாகை புத்தகத்தில் இடம்பெறவில்லை.

2006இல் புத்தகம் வந்தது. அடுத்த வருடம் ராகினி பேராசிரியரானாள். புத்தகத்தையும் கல்லாவுக்கு மேலே வைத்தேன். கேட்டவர்களுக்கு ஏழாம் அத்தியாயத்தை நானே பிரித்துக் காட்டினேன். "உங்க அப்பாவ இப்படி எழுதிடுச்சே புள்ள!" என்று முணுமுணுத்தவர்களிடம், "லண்டனையும் வாஷிங்டனையும் எழுதின அதே கையாலதான் எழுதியிருக்கா. சொந்தம்னு குறைக்கல" என்றேன்.

அந்த வருடத் திருவிழாவில், முதல் காளாஞ்சியை எங்களுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் யாரோ கேட்டார்களாம். "பேர மறைக்காதவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கிறது?" என்று முடித்து வைத்தவன் கிருஷ்ணகுமார்.

பூசாரி கூப்பிட்டார். நான் முன்னே வந்தேன். பெண்கள் பக்கமிருந்து மூக்காயியின் குரல் எழுந்தது.

"யாரு, எங்க பெரியம்மாவ அனுப்பின இராமசாமிங்களா?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"அவரேதான்," என்றேன், அவள் பக்கம் திரும்பி, நிமிர்ந்தபடி. பிறகு தட்டை வாங்கினேன்.