கொட்டாஞ்சேனைக் கேத்தலில் கேட்ட ஆங்கிலம்

வெள்ளவத்தையில் ரூபிகா பேசிய ஆங்கிலம் அவளுடைய வாயிலிருந்து வராமல், நகரின் மறுபக்கம் கொட்டாஞ்சேனையில், அவள் கண்டேயிராத லவினா என்பவளின் வீட்டுத் தேத்தண்ணிக் கேத்தலிலிருந்து வந்தது. தமிழுக்கு இந்தக் குறை இல்லை; மரக்கறிக் கடையில் பேசும் சிங்களத்துக்கும் இல்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. தன் குரல் தன் காதுக்கு நன்றாகவே கேட்டதால் ரூபிகாவுக்கு இது தெரியவும் இல்லை. லண்டனில் ஹரோ பக்கம் வேலை செய்யும் ராகுலன் வந்து, அவளைக் கலியாணம் முடித்து, இரண்டு கிழமையில் திரும்பிப் போயிருந்தான். அவனிடம் போக விசா வேண்டும், விசாவுக்கு ஆங்கிலம் பேசியும் கேட்டும் காட்டுகிற சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனைக்குக் காத்திருந்த புதுப்பெண்களால்தான் காலி வீதியில் புடவைக் கடைக்கு மேலே சண்முகலிங்கம் சேரின் வகுப்பு ஓடியது. “பிள்ளை, கூச்சத்தை விட்டுட்டு வாயைத் திறந்து கதையும்” என்பார் சேர். எந்த மாணவிக்கு என்ன வந்தாலும் அவர் கண்டுபிடிக்கும் வியாதி கூச்சம்தான்.

லவினாவுக்கு ரூபிகாவின் வயதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை, லிண்டா என்ற பெயரில், தொலைபேசியில் கேட்பது அவள் வேலை. அம்மா இறந்துவிட்டார், அண்ணன்மார் மெல்பனில். ஒரு பின்னேரம் வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த கேத்தல், “ஹவ் ஆர் யூ டுடே?” என்றது. வகுப்பில் ஆளையாள் பார்த்துக் கேட்டுப் பழகும் கேள்வி அது. பதிலை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. லவினாவை அப்படி ஒருவர் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் ஒரு கிழவன் ஏசியது, முதுகுவலி, அம்மா போன பிறகு தனக்கென்று சமைக்க மனம் வராதது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அத்தனையும் ரூபிகாவின் வலது காதில் விழுந்தது. அவளுக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காததை மறுநாள் கேட்டாள். இப்படியே மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். ரூபிகாவுக்கு எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிடிபடத் தொடங்கியது. லவினாவுக்கு வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் போனது.

இரண்டாம் முறையும் சோதனையில் ரூபிகாவின் பேச்சு பதிவாகவில்லை. அதைக் கேத்தல் வழியே கேள்விப்பட்ட லவினா, கேத்தலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து படியேறினாள். ரூபிகா ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னதும் அது பைக்குள்ளிருந்து வந்ததை வகுப்பே பார்த்தது. “உச்சரிப்பு திறம்” என்றார் சேர். சோதனை மண்டபத்துக்குள் போன், மணிக்கூடு, பை எதுவும் கொண்டுபோக முடியாது. லேபல் இல்லாத தண்ணீர்ப் போத்தல் மட்டும் கொண்டுபோகலாம். லவினா கேத்தலின் அடியில் இருந்த கொம்பனிப் பெயரைக் கத்தியால் சுரண்டித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். “வத்துரத, நங்கி?” என்று வாசலில் காவலாளி, தண்ணீர்தானா என்று சிங்களத்தில் கேட்டார். ஓமென்று ரூபிகா மூடியைத் திறந்து தண்ணீரைக் காட்டினாள். சோதனைக்காரி ஒலிவாங்கியைக் கேத்தலின் மூக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். ரூபிகா சித்தியடைந்தாள்.

விசா கிடைத்ததும் கேத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். லவினா வாங்கவில்லை.

“கொண்டு போங்க. அங்க போய் ஊமை மாதிரி நிக்கிறதா?”

“அப்ப நீங்கள் ஆரோட கதைப்பியள்?”

“எனக்கென்ன, ஒவ்வொரு நாளும் நூறு பேரோட கதைக்கிறேன்” என்றாள் லவினா. பொய். ரூபிகாவுக்கு அது தெரியும். தெரிந்தும் எடுத்துக்கொண்டு போனாள், போகும் வழியெல்லாம் அழுதாள்.

ஹரோவில் ரூபிகா கடைக்கும் டொக்டரிடமும் கேத்தலோடு போய்வந்தாள். அந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள், கேத்தலை உற்றுப் பார்ப்பதில்லை. லவினா கரண்டில் வேலை செய்யும் புதுக் கேத்தல் ஒன்று வாங்கினாள். அது கொதித்தது, நின்றது, வேறொன்றும் சொல்லவில்லை. தை மாதத்தில் ஒரு காலை, ஜன்னலோரம் நின்ற ரூபிகா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பக்கத்திலிருந்த கேத்தல் பேசாமல் கிடந்தது. ராகுலன் பதறிப்போய் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

“அதைக் குலுக்காதேங்கோ” என்றாள் ரூபிகா. “நான் கேட்டது வேற ஆளிட்ட.”

கொட்டாஞ்சேனையில் அப்போது பின்னேரம். லவினா, “ஹவ் ஆர் யூ டுடே?” என்று கேட்ட புதுக் கேத்தலின் வயரைக் கழற்றிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு அவ்வளவு நல்லாயில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். ரூபிகா வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். ராகுலன் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினான்.