ஜானகியம்மாள் வீட்டில் சத்தமே இருக்காது

ஜானகியம்மாள் வீட்டில் கோமதியை விட்டுவிட்டு வேலைக்குப் போன முதல் சில நாட்கள் எனக்கு நிம்மதியாக இருந்தது. கோமதிக்கு ஒன்றேகால் வயது. ஜானகியம்மாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காரை வீட்டில் தனியாக இருந்தார். பகலில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் அவரைத்தான் சொன்னார்கள். அங்கே சத்தமே இருக்காது என்றார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. தற்காலிக வேலை. என் கணவர் பரமசிவன் நாகலாபுரத்தில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில் வருவார். மாமியார் பசுவந்தனையில் இருந்தார். விதைப்பை விட்டு அவரால் நகர முடியாது. ஒன்று பிள்ளையைத் தன்னிடம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கோவில்பட்டியில் நம்பி விட ஓர் இடம் இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடந்துவிடும்.

சாயங்காலம் தூக்கிக்கொண்டு வரும்போது கோமதி என் தோளில் தூங்கினாள். விளக்கு வைத்த பிறகும் தூங்கினாள். எழுந்தால் தண்ணீர் கேட்டாள். சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பூனையைக் கண்டால் இடுப்பிலிருந்து குதிக்கப் பார்ப்பவள், இப்போது அதைப் பார்த்தபடியே கண்ணை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. மண்ணெண்ணெய் டின்னை உருட்டினாள், என் பாடப்புத்தகத்தைக் கிழித்தாள். திங்கட்கிழமை மறுபடி தூக்கம். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த திங்களும் அப்படியே இருந்தன. பரமசிவனிடம் சொன்னேன்.

"தூங்குத புள்ளயப் பாத்துச் சந்தேகப்படுத ஆளு ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றார்.

அவர் சொன்னதும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து கோமதியின் வாயை முகர்ந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு வாசனை இருந்தது. எனக்குத் தெரிந்த வாசனைதான். எதனுடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

ஒருநாள் மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில் சொல்லாமல் போனேன். கதவு சாத்தியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ரேடியோ மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஜானகியம்மாள் கதவைத் திறந்து, வாம்மா என்றார். முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை.

பாயில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லாரும் தூங்கினார்கள். மூன்று வயதுப் பையன்கூட வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒருத்தியின் கன்னத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் அசையவில்லை. நான்தான் விரட்டினேன்.

ஜன்னல் மேடையில் உரைகல் இருந்தது. பக்கத்தில் ஜாதிக்காய். வாசனை எதனுடையது என்று அப்போது தெரிந்தது.

கைக்குழந்தையாக இருந்தபோது கோமதிக்கு நானும் உரைமருந்து கொடுத்திருக்கிறேன். குளிப்பாட்டிவிட்டு வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பாலில் குழைத்து ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டு ஜாதிக்காய் இத்தனை மாதத்தில் ஒரு பக்கம் லேசாக மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே பாதிக் காயைக் காணோம். வசம்பும் கடுக்காயும் கண்ணில் படவில்லை. ஒரு காகிதத்தில் புதுக் காய்கள் சில இருந்தன, எல்லாம் ஜாதிக்காய்.

தினமும் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"நல்ல மருந்துதானம்மா. ஒங்க அம்மா ஒனக்கு ஊத்தாமலா வளத்தா?"

"எத்தனை உரை?"

"அது புள்ள அழுகைக்குத் தக்கன." அவர் மூன்று வயதுப் பையனின் சட்டையை இழுத்துவிட்டார். "சத்தமே இருக்காதுன்னுதான எல்லாரும் எங்கிட்ட கொண்டாந்து விடுதீங்க. வேற எப்படிச் சத்தம் இல்லாம இருக்கும்?"

நான் கோமதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மத்தியான வகுப்புகளை வேறொரு டீச்சர் பார்த்துக்கொண்டார். தலைமையாசிரியை இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்றார்.

அடுத்து பெருமாயி. பள்ளிக்கூடத்துக்குப் பின் சந்தில் தீப்பெட்டிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். அவள் வீட்டுச் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். அதனால்தான் அங்கே போனேன். வீட்டுக்குள் பசைச்சட்டி இருந்தது. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கலப்பார்கள். சட்டியின் விளிம்பில் நீலம் காய்ந்திருந்தது. பிள்ளைகள் இதன் பக்கம் வந்துவிடாதா என்று கேட்டேன். வராது என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.

கோமதி பழையபடி ஆனாள். இரவில் இரண்டு தரம் சோறு வாங்கினாள். நான் அவள் வாயை முகர்ந்தேன், விரல் நகங்களில் நீலம் இருக்கிறதா என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். எதுவும் இல்லை. இல்லாததும் எனக்குச் சரியாகப் படவில்லை. தரையில் விழுந்து புரளும் பிள்ளையின் கையில் ஒரு பொட்டுப் பசைகூட எப்படி ஒட்டாமல் இருக்கும்?

ஒரு சாயங்காலம் கால் கழுவிவிடும்போது, வலது கணுக்காலைச் சுற்றி ஒரு சிவந்த கோடு தெரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் சந்துக்கு ஓடினேன். பெருமாயி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நான்கு பிள்ளைகள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு துணிப்பட்டை. மறுமுனை நடுத்தூணில். பட்டையின் நீளத்துக்குள் கோமதி உட்கார்ந்து, காலிப் பெட்டி ஒன்றை இன்னொரு பிள்ளையின் தலையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பசைச்சட்டி பட்டை எட்டாத தூரத்தில் இருந்தது.

குனிந்து கோமதியின் கால் முடிச்சை அவிழ்த்தேன். ஆட்டுக்குட்டியைப் போலப் பிள்ளையைக் கட்டிப் போடுவதா என்று கேட்டேன். நான் ஒருவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

பெருமாயி கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பசையில துத்தம் கெடக்கு. நக்குனா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும். நானும் பெட்டி ஒட்டணும். வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

அவள் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் அங்கன புள்ளைகள பெஞ்சில கெட்டித்தான டீச்சர் வச்சிருக்கீங்க? கயிறுதான் இல்ல."

கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சந்து முழுக்க வெயில் அடித்தது. பசுவந்தனை பஸ் மூன்று மணிக்கு என்று எனக்குத் தெரியும். ஜானகியம்மாள் வீட்டுப் பாய் நினைவுக்கு வந்தது. அங்கே யாரையும் கட்டவில்லை. கட்டத் தேவையும் இல்லை. கோமதி என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் கையை நீட்டிக் கத்தினாள். அந்தப் பெட்டி அவளுக்கு வேண்டும்.

திரும்பி உள்ளே போனேன். பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். புதுக் காடாத்துணி. விளிம்பில் தையல் முரடாக இருந்தது. அதுதான் காலை அறுத்திருந்தது. பக்கத்துப் பிள்ளையின் காலில் முடிச்சு இறுக்கமாக இல்லை. என் இரண்டு விரல் உள்ளே போனது.

மறுநாள் காலை என் கல்லூரிக் காலத்துச் சேலை ஒன்றைத் தையல் இல்லாமல் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. என் கையாலேயே முடிச்சுப் போட்டேன். ஒரு முனை கோமதியின் காலில், மறுமுனை தூணில். பட்டையை நீட்டி, சட்டியை எட்டுகிறதா என்று பார்த்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன்.

சாயங்காலம் வந்ததும் முதலில் கணுக்கால், பிறகு விரல் நகங்கள், பிறகு வாய்.

பெருமாயி பெட்டிகளை அடுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மார்க்கு டீச்சர்?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. இடது கணுக்காலையும் பார்த்தேன்.