சாட்சிக் கையெழுத்து

நான்காம் பாரம் பையன்களுக்குப் பானிப்பட்டுப் போரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ரிஜிஸ்தர் தபால். நீளமான பழுப்பு உறை, மேலே சர்வகலாசாலையின் முத்திரை. சென்னப்பன் சாக்பீஸ் தூள் படிந்த விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினான். எதிர் வராந்தாவில் தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் தாளாளர் வெங்கடாசலம் பார்த்த மாதிரிதான்.

அது 1938 ஐப்பசி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் வெங்கடாசலம் சொந்தப் பொறுப்பில் நடத்திவந்த உயர்நிலைப் பள்ளி. சென்னையில் இருந்த சர்வகலாசாலைக்கு செனட் என்று ஒரு சபை உண்டு. எந்தப் பரீட்சைக்கு என்ன பாடம், எந்தக் கல்லூரிக்கு எந்த வகுப்பு என்கிற பேச்செல்லாம் அந்தச் சபைக்கு வந்துதான் போகும். அதில் சில இடங்களுக்கு, பேரைப் பதிந்துகொண்ட பட்டதாரிகள் தபாலில் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பலாம். அந்த வட்டாரத்தில் அப்படிப் பதிந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே வெங்கடாசலத்தின் பள்ளி வாத்தியார்கள். இந்தத் தடவை ஓர் இடம் காலி. அதற்கு வெங்கடாசலத்தின் மச்சினர், சேலத்து வக்கீல், நின்றார். எதிரே நின்றவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். இண்டர்மீடியட்டில் சரித்திரத்தையும் ரசாயனத்தையும் தமிழில் எழுதவிட வேண்டும் என்று சபையில் கேட்கப்போவதாக அச்சடித்த கடிதம் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

சென்னப்பன் அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்திருந்தான். அவனே பி.ஏ.யில் சரித்திரப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இங்கிலீஷ் பகுதியை மூன்றாம் தடவைதான் தாண்டினான். தம்பி மாதேஸ் இண்டர்மீடியட்டையே தாண்டவில்லை. மாதேஸுக்கு ரசாயனம் தண்ணீர் பட்ட பாடு. கிணற்றுமேட்டில் உட்கார்ந்து மாட்டுக்குக் கேட்கிற மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே போவான். அதையே இங்கிலீஷில் எழுதென்றால் பேனா நின்றுவிடும். மூன்று மார்ச் பரீட்சைகள் அப்படிப் போயின. நான்காவது வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன், இன்றுவரை ஊர்ப்பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் காசியம்மாளிடம் உறையைக் காட்டினான். அவளுக்கு எட்டாம் மாதம். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் உறையைக் கையில் வாங்கவில்லை.

"மத்தவங்கல்லாம் என்ன பண்ணுனாங்க?"

"வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு தாளாளருகிட்டக் குடுத்துட்டாங்க. நம்ம சவரி உள்பட."

"அப்பறம் உங்களுக்கு மட்டும் என்னங்க? இந்தத் தாளால மாதேஸு வூட்டுக்கு வந்துருவானா?"

அவள் தூங்கப் போனதும் ஓட்டுச் சீட்டில் பேராசிரியர் பேருக்கு நேரே குறி போட்டு, உள் உறையில் வைத்து ஒட்டினான். இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. கூட வந்திருந்த உறுதிமொழித் தாளில் அவன் கையெழுத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சி ஒரு மாஜிஸ்திரேட்டாகவோ, தலைமையாசிரியராகவோ, பேர் பதிந்த இன்னொரு பட்டதாரியாகவோ இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டைப் பார்க்க அரூர் போக வேண்டும். சனிக்கிழமை லீவு போட்டுப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

வெங்கடாசலம் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் அவருடைய புளி மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அம்பாரமாகக் குவித்த புளிக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை நின்றார். இரண்டாவது நாற்காலி இல்லை.

"கவர் வந்துச்சாமே வாத்தியாரே. கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"நேத்தே தபால்ல போட்டுட்டனுங்க."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வெங்கடாசலம் கோபப்படவில்லை. ஒரு புளியங்கொட்டையை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார்.

"சந்தோசம். சாட்சி யாரு போட்டது? எட்மாஸ்டரு போடலைன்னாரே."

மாஜிஸ்திரேட் என்று சொல்ல முடியாது, அவன் அரூர் போகவில்லை என்பது இந்த ஊருக்கே தெரியும். மிஞ்சியது, பேர் பதிந்த இன்னொரு பட்டதாரிதான்.

"சவரிராயனுங்க."

வெங்கடாசலம் தலையை மெல்ல ஆட்டினார். "சவரியா? சரி, நீங்க போங்க." படி இறங்கும்போது, கணக்குப்பிள்ளையிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "காப்பி குடிச்சுட்டுப் போயி அந்தச் சவரிய இட்டுக்கிட்டு வாங்க."

ஒரு தம்ளர் காப்பி நேரம். சென்னப்பன் வண்டிப்பாதையை விட்டு, அறுப்பு முடியாத கேழ்வரகுக் கொல்லைகளுக்குள் இறங்கி ஓடினான். வீட்டில் உறையை எடுத்துக்கொண்டு, காசியம்மாள் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் மாதா கோவில் தெருவுக்குப் போனான். சவரிராயன் கூரைக்குப் புது ஓலை செருகிக்கொண்டிருந்தான். பள்ளியில் சென்னப்பனுக்கு இருந்த ஒரே சிநேகிதன். மூச்சிரைக்கச் சென்னப்பன் சொன்னதை ஏணியில் நின்றபடியே கேட்டான்.

"எம் பேரு உன் வாயில அவ்வளவு லேசா வந்துருச்சா?"

"சவரி, நா வேணும்னு சொல்லல."

"இந்த வேலையில என்னச் சேத்துவுட்டதே அவருதான். எம் மூணு புள்ளைவளும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குதுவ. கேட்டுட்டுச் சொல்லியிருந்தா வேற."

சென்னப்பன் உறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். "அப்ப நா போயி உண்மையச் சொல்லிடறேன்."

திரும்பினான். நாலு அடி நடந்திருப்பான்.

"நில்லு." சவரிராயன் கீழே இறங்கி, கையை வேட்டியில் துடைத்தான். கதவோரம் நின்ற இன்னாசியம்மாள் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேனாவக் குடு. எனக்கு என் ஓட்டு யாருக்குப் போச்சுன்னே தெரியாது. உனக்காச்சும் தெரியட்டும்."

அம்மிக்கல்லின் மேல் தாளை வைத்து, அவசரமே இல்லாமல், பேரும் பட்டமும் முழுசாக எழுதினான். மை காய்வதற்குள் தெருமுனையில் கணக்குப்பிள்ளையின் குடை தெரிந்தது. சென்னப்பன் பின்பக்கமாகப் போய், இரவல் சைக்கிளில் பொம்மிடி ரயில் ஸ்டேஷனுக்கு மிதித்தான். அங்கே தபால் பெட்டிக்குள் உறையைப் போட்டான்.

மண்டியில் சவரிராயன் ஒரே வார்த்தைதான் சொன்னானாம்: "ஆமாங்க, நாந்தான் போட்டன்."

வக்கீலே ஜெயித்தார். பேராசிரியர் வெகுதூரம் பின்னால். முடிவு பேப்பரில் வந்த வாரம் காசியம்மாளுக்குப் பெண் பிறந்தது. வெங்கடாசலம் வீட்டிலிருந்து ஒரு சீப்புப் பழம்கூட வந்தது. வேலை போய்விடும் என்று சென்னப்பன் பயந்தது நடக்கவில்லை. அவன் எல்.டி. என்கிற ஆசிரியப் பயிற்சி முடித்தவன். இத்தனை எல்.டி. வாத்தியார்கள் இருந்தால்தான் பள்ளிக்கு அங்கீகாரம் என்று கல்வி இலாகாவில் விதி. சவரிராயன் வெறும் பி.ஏ. மார்கழி லீவு முடிந்து பள்ளி திறந்தபோது கால அட்டவணையில் அவன் பேர் இல்லை.

சென்னப்பன் மண்டிக்குப் போய், தப்பு தன்னுடையது என்றான். வெங்கடாசலம் அவனை உட்காரச் சொன்னார். இந்தத் தடவை இரண்டாவது நாற்காலி இருந்தது. "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க வாத்தியாரே. நீங்க எதிர்ல நின்னீங்க, தெரியும். பக்கத்துல நிக்கறவனத்தான் பாத்துக்கணும்."

தை பிறந்து பத்தாம் நாள் சவரிராயன் குடும்பம் கிளம்பியது. ஏரியூர்ப் பக்கம் ஒரு மாதா கோவில் சாமியார் நடத்திய ஆரம்பப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. காலையில் சென்னப்பன் போனபோது மாட்டுவண்டியில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனாகவே உரலைப் புரட்டி ஏற்றினான். இன்னாசியம்மாள் புத்தக மூட்டையைக் கொண்டுவந்து, அவன் நீட்டிய கையைத் தாண்டி வண்டிக்காரனிடம் கொடுத்தாள்.

வண்டி நகர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் பின்னால் நடந்தான். ஊர் எல்லை ஓடையில் பருவம் தவறிப் பெய்த மழைச் சேறு. இடது சக்கரம் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. சவரிராயன் குதித்து ஒரு பக்கம் தோள் கொடுத்தான். சென்னப்பன் முழங்கால் சேற்றில் இறங்கி மறுபக்கம் ஆரக்காலைப் பிடித்தான். இரண்டு பேருக்கும் நடுவே சக்கரம்.

பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. முதல் பீரியட் சென்னப்பனுடையது.

"மணி அடிக்குது" என்றான் சவரிராயன், நிமிராமல்.

சென்னப்பன் ஆரக்காலை இன்னும் கீழே இறுக்கிப் பிடித்து உன்னினான். மாடுகள் கழுத்தைத் தாழ்த்தி இழுத்தன. சக்கரம் ஒரு விரற்கடை மேலேறி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.